ஆமை நடை – 7: குலுங்காத பை

மணலின் சூடு ஆமைக்குஞ்சை எப்படி ஆணாக்குகிறது, பெண்ணாக்குகிறது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் ஒரு முட்டை குறுக்கே வந்துவிட்டது. சென்ற வாரம், ஆமை முட்டை தேடி நடக்கும் ஆறு பேரை நீலாங்கரைக் கரையில் நள்ளிரவு தாண்டி நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். தாய் ஆமை கடலுக்குத் திரும்பிய தடத்தில் ஈரம் காயவில்லை, மணலைக் குத்திப் பார்த்த குச்சி ஓரிடத்தில் பொசுக்கென்று உள்ளே இறங்கியது. அங்கிருந்து தொடரலாம்.

அந்தப் பொசுக்குதான் அறிகுறி. குச்சியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார்கள். முழங்கை வரை கை உள்ளே போனபோது, குடுவை போல வாய் குறுகி வயிறு அகன்ற குழியில் முட்டைகள். டேபிள் டென்னிஸ் பந்து அளவு, தொட்டால் குழியும் தோல் ஓடு, மேலே வழவழவென்று பசை. முதல் முறை வந்திருந்த பொறியியல் மாணவன் ஒன்றை எடுத்து, சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் வெளிச்சத்தில் ரத்தினக்கல் பார்ப்பதுபோல் உருட்டத் தொடங்கினான்.

“டேய், சுத்தாதடா!”

கத்தியவள் மூன்றாவது ஆண்டாக நடக்கும் பெண். அவன் அப்படியே உறைந்துவிட்டான். “இப்பப் பரவாயில்ல. இதையே பழக்கமாக்கிக்காத. விடிஞ்சப்புறம் இப்படிச் சுத்தினா அவ்ளோதான்” என்றாள் கொஞ்சம் இறங்கி. ஏன் என்று அவன் கேட்கவில்லை. நான் கேட்டேன். அந்த ஒரு கேள்விதான் இந்த வாரக் கட்டுரையைத் தின்றுவிட்டது.

எங்கள் அத்தை கோழியை அடைவைக்கும்போது கூடையில் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவாள், இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று. இரும்பு என்ன செய்ததோ, கோழி செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அலகால் முட்டைகளை நாளுக்குப் பல முறை புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கெட்டுப்போகும். ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது மஞ்சள் கருவோடு முறுக்கிய வெள்ளை நூல் ஒன்று வருமே, சிலர் அருவருத்து எடுத்துப் போடுவார்களே, அதுதான் உள்ளே ஊஞ்சல் கயிறு. முட்டை எப்படிப் புரண்டாலும் மஞ்சள் கருவை நடுவில் நிறுத்தும்.

ஆமை முட்டையில் அந்தக் கயிறு கிடையாது. கோழிக் கருவுக்குக் கேடான அதே ஒட்டுதல்தான் இதற்கு உயிர். தாயின் கருக்குழாயில் பிராணவாயு மிகக் குறைவு; அதனால் கரு ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடுகிறது. மணலில் விழுந்து காற்றுப் பட்டதும் நின்ற வளர்ச்சி மறுபடி தொடங்குகிறது. சில மணி நேரத்தில் கரு மேலே வந்து ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். வெளியே உச்சியில் சுண்ணாம்பு வைத்ததுபோல் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். அதன்பின் முதல் சில வாரங்களுக்குள் முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகலாம். ஆஸ்திரேலியாவில் காலின் லிம்பஸும் அவருடைய சகாக்களும் பெருந்தலை ஆமை முட்டைகளை வைத்து இதை 1979இல் எழுதினார்கள். இடம் மாற்றுவதானால் இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்று, இல்லையேல் தொடாதே. இளைஞர்கள் தூக்கத்தை விட்டு ராத்திரியில் நடப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று இத்தனை வாரம் எழுதியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கம்தான்.

முட்டையை எடுக்காமலே விட்டால் என்ன என்று கேட்கலாம். விடக்கூடிய கரையில் விடுவதுதான் நல்லது. சென்னையில் நாய் இருக்கிறது, மிதிக்கும் கால்கள் இருக்கின்றன, குஞ்சைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் விளக்குகள் இருக்கின்றன. அதனால்தான் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கிய இந்த நடையை, 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு கையில் எடுத்துக்கொண்டது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர். யார் போய் யார் வந்தாலும் பாடம் இப்படித்தான் கைமாறுகிறது, ஒரு ‘டேய்’ போட்டு.

எண்ணினார்கள். 112. குழியின் ஈர மணலையும் சேர்த்துத் துணிப்பையில் போட்டதும், சுற்றாதே என்று திட்டு வாங்கியவனிடமே பையைக் கொடுத்தாள் அந்தப் பெண். தோளில் மாட்டக்கூடாது, வீசி நடக்கக்கூடாது. நாலு கிலோ இருக்கும். நிறைகுடம் ஏந்திய மாதிரி இரண்டு கையிலும் தாங்கி, பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தான். கொட்டிவாக்கம் குப்பத்தருகே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் பையைப் பார்த்ததும், “பங்குனி ஆமையா தம்பி?” என்றார். இவன் தலையை மட்டும் ஆட்டினான், பை ஆடிவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. அவர் சிரித்துவிட்டார். திருவான்மியூரில் கூட வந்த நாயை மற்ற நால்வரும் கல்லெறியாமல் பேசியே திருப்பி அனுப்பினார்கள். அதுவும் ஒரு கலை, எழுத இடமில்லை.

பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்கு வந்தபோது மணி நாலு. கடலருகே இருந்த குழியின் அளவிலேயே இங்கும் ஒரு குழி, முழங்கை ஆழம், குடுவை வாய். குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவனே இறக்கினான். பழைய குழியின் மணலை மேலே போட்டு மூடி, அட்டையில் தேதியும் 112ம் எழுதிச் செருகினார்கள். நாற்பத்தைந்து நாள் கழித்து வந்து பார்க்கலாமா என்று கேட்டான். வராவிட்டால் உதைப்பேன் என்றாள்.

ஆசிரியர் இரண்டாவது முறையாகப் போன் செய்துவிட்டார். சூடு அடுத்த வாரம், இந்த முறை சத்தியமாக. அந்த அட்டை செருகிய இடம் ஓலைக்கொட்டகையின் நிழலுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்கிறேன், அங்கிருந்து தொடங்குவேன்.

(தொடரும்)