தேயிலையும் தலைமன்னாரும்

மன்னார் மண்ணில் தேயிலை முளைப்பதில்லை. பனையும் மணலும் கடற்காற்றும் வாய்த்த இந்நிலத்துக்கும் மலைநாட்டுத் தளிருக்கும் யாது தொடர்பு என்று வினவுவாரும் உளர். தொடர்பு உண்டு. நம் இல்லத்தில் காய்ச்சும் பால் தேநீருக்கு ஏற்ற தேயிலை எது என்று ஆராயப் புகுவோர்க்கு அத்தொடர்பு தானே புலப்படும்.

பாலும் இஞ்சியும் ஏலமும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் இந்திய முறைத் தேநீரை விரும்புவோர் பலர், விலை மிக்க தேயிலையே அதற்கு உகந்ததென்று எண்ணுகின்றனர். நுவரெலியாவின் தேயிலை மணத்தாற் புகழ்பெற்றது. மெல்லிய பொன்னிறச் சாயம் தருவது. வெந்நீரில் ஊறவைத்துப் பாலின்றிப் பருகுவதற்கு அதனினும் சிறந்தது அரிது. அதனையே பாலிலிட்டுக் கொதிக்கவைத்தால் மணம் ஆவியோடு போகும்; பாலின் சுவையை எதிர்த்து நிற்கும் வலிமையும் அதற்கில்லை. பணமும் வீண், பண்டமும் வீண்.

பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றி அடக்கிவிடும். ஆதலால் பால் தேநீருக்கு வேண்டுவது கடுஞ்சாயமும் துவர்ப்பும் உடைய தேயிலையே. இலங்கையில் 2,000 அடிக்குக் கீழ் விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்பர். இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பகுதிகளில் விளையும் இதற்குச் சாயம் மிகுதி. அதிலும் பி.ஓ.பி.எப். என்னும் சிறு நறுக்கோ, 'டஸ்ட்' எனப்படும் தூளோ ஏற்றது. இப்பெயர்கள் துணுக்கின் அளவைக் குறிப்பனவே. தரத்தை அளப்பன அல்ல. துணுக்குச் சிறுத்தால் சாயம் விரைந்து இறங்கும்.

இந்தியாவில் இதற்கெனவே பெருவழக்காயிருப்பது சி.ரி.சி. தேயிலை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குறுமணியாக்கும் இம்முறை 1930களில் அசாமில் தோன்றியது. சிறிதளவே பெருஞ்சாயம் தரும். கொதிக்கும் பாலுக்கும் அசையாது. நீலகிரியிலும் இவ்வகையே மிகுதி. அந்நீலகிரித் தேயிலையைக் கையிலெடுக்கும்போதுதான் நம் மன்னார்க் கரை நினைவுக்கு வருதல் வேண்டும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை கொண்டது. கோப்பிக் காலந்தொட்டே தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்து மாத்தளையை அடைந்தனர். பசியும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே மாய்த்தன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இருகரையிலும் இரயிலும் இணைந்தன. மலைக்குச் சென்றோர் இவ்வழியே சென்றனர்.

திரும்பியோரும் இவ்வழியே திரும்பினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் வகுத்தது. அவ்வாண்டு டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. 1980களில் அது நிற்கும்வரை, பரம்பரையாகக் கொழுந்து பறித்தோர் பலர் தம் மூட்டைகளோடு தலைமன்னார்த் துறையிலிருந்தே கடல் கடந்தனர். அவர்களுக்கு வாழ்வளிக்க வேண்டி 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று 'டான்டீ' என வழங்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோற்றம் இதுவே. இலங்கைத் தாழ்நிலத் தூள் ஆயினும் நீலகிரிக் குறுமணி ஆயினும், அவற்றுக்குப் பின்னேயுள்ள உழைப்பின் வரலாற்றில் தலைமன்னாருக்கும் ஓர் இடம் உண்டு.

இனி, தேரும் வகை. தேயிலையைச் சிறிது வெள்ளைத் தட்டிற் பரப்பிப் பாருங்கள். வெளிறிய நாரும் காம்பும் மிகுந்திருப்பின் அது கழிவு. நனைத்த வெள்ளைத் தாளின்மேல் தூவியவுடன் நிறம் திட்டுத் திட்டாகப் பரவின், சாயப்பொடி கலந்ததென்று ஐயுறலாம். நல்ல தேயிலை குளிர்ந்த நீரில் மெல்லவே நிறம் விடும்.

நம் பகுதிக்கென இரு எச்சரிக்கைகள் உண்டு. தேயிலை அருகிலுள்ள மணத்தையெல்லாம் ஈர்த்துக்கொள்ளும். கருவாட்டுக்குப் பேர்போன நம் ஊரில், அதனைக் காற்றுப் புகாத பேணியிலிட்டு வேறாக வைத்தல் இன்றியமையாதது. மற்றொன்று நீர். சுண்ணாம்புச் சத்து மிக்க கிணற்று நீரில் தேநீர் மங்கி, மேலே ஆடை படியும். மழைநீர் கிடைப்பின் அதுவே உத்தமம். வெறுந்தேநீராயின் சில துளி தேசிக்காய்ச்சாறு அவ்வாடையைக் குறைக்கும்.

காய்ச்சும் முறை எளிது. இருவருக்கு ஒரு கோப்பை நீர், ஒரு கோப்பை பால், இரண்டு தேக்கரண்டித் தேயிலை போதும். தட்டிய இஞ்சியையும் ஏலத்தையும் முதலில் நீரிலேயே கொதிக்கவிடுக. பச்சை இஞ்சி பாலைத் திரைத்துவிடும் இயல்புடையது. பின் தேயிலையை இட்டு இரண்டு மூன்று நிமிடம் சென்றபின் பாலை ஊற்றிப் பொங்கவிட்டு இறக்குக. சீனிக்குப் பதில் பனங்கட்டி சேர்ப்போர் இறக்கிய பின்னரே சேர்த்தல் நன்று. கொதிக்கும் பாலில் இட்டால் திரையவும் கூடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பருகும் நம்மவர் வழக்கமே இவ்வகையில் எல்லாவற்றினும் பாதுகாப்பானது.

போரின்போது சிதைந்த தலைமன்னார் இரயில் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2015இல் துறைவரை வண்டி ஓடத் தொடங்கிற்று. அங்கே இறங்கி ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் மாணவனுக்கு, அவ்வழியே நடந்தோரையும் நீங்கினோரையும் பற்றி ஆசிரியர் ஒருவர் எடுத்துச் சொல்வாராயின், அது பாடநூலினும் நன்கு மனத்திற் பதியும். நல்ல தேயிலையைத் தேர்ந்து வாங்குவது நம் சுவையின் பொருட்டு; அதனைப் பறித்த கைகளை அறிந்து பருகுவது நம் கடமையின் பொருட்டு.