பாம்பன் வீட்டுச் சுவரில் ஒளிந்திருந்த 'ஈ'

ராமேஸ்வரம் தீவிலுள்ள பாம்பனின் வீடுகளில் கரப்பானையும் பூரானையும் குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும். கொசு வந்து உட்கார்ந்தால்தான் கண்ணுக்கு வேலை. அது உட்காரும் விதத்தைப் பாருங்கள். உடம்பைச் சுவருக்கு இணையாக வைத்துக் கூன்போட்டிருந்தால் கியூலெக்ஸ்; இரவில் காதோரம் ரீங்கரிப்பது பெரும்பாலும் அதுதான். கருத்த காலில் வெள்ளை வளையங்கள் தெரிந்தால் பகலில் கடித்து டெங்கு பரப்பும் ஏடிஸ். தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கிச் சாய்ந்து நின்றால் அனாஃபிலிஸ். மனிதருக்கு வரும் மலேரியாவைப் பரப்புவது இந்தக் கொசு வகை மட்டுமே. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டது இத்தகைய கொசுவின் வயிற்றுச் சுவரில்தான்.

கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். நோயாளியின் இரத்தத்தோடு உள்ளே போன கிருமி குடல் சுவரைத் துளைத்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். கொசுவின் ஆயுளே சில வாரம்தான். அதற்குள் அது இன்னொரு மனிதரையும் கடித்தாக வேண்டும். நடுவில் மாட்டைக் கடித்துப் பசியாறிக்கொண்டே இருந்தால் மலேரியா அதோடு நின்றுபோகும். ஆகவே ஒரு கொசுவுக்கு யார் இரத்தம் பிடிக்கும் என்பது உயிர் காக்கும் தகவல்.

இந்தியக் கிராமங்களில் மலேரியா பரப்பும் முக்கியக் கொசு அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ். ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1980 முதல் அந்தப் பெயருக்குள் ஏ, பி, சி, டி என்று நான்கு இனங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இறக்கை, கால், மீசை எதிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்றோடொன்று கலந்து இனம் பெருக்குவதில்லை. இவற்றை உடன்பிறப்பு இனங்கள் என்பார்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை எப்படிப் பிரிப்பது? முட்டை பாதி வளர்ந்த பெண் கொசுவின் சூலகத்தில் சில செல்கள் தங்கள் குரோமோசோமை மீண்டும் மீண்டும் படியெடுத்து, படிகளைப் பிரிக்காமல் பக்கம் பக்கமாக அடுக்கிவைக்கின்றன. நூற்றுக்கணக்கான நார்களை முறுக்கிய வலைக்கயிறு போலத் தடித்துவிடும் இது, பன்னிழைக் குரோமோசோம். மைக்ரோஸ்கோப்பில் இதன் குறுக்கே கருப்புப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஓர் இனத்தில் நேராக இருக்கும் வரிசை இன்னொன்றில் ஓரிடத்தில் தலைகீழாகத் திரும்பியிருக்கும். அந்தத் திருப்பமே அடையாளம்.

இந்த முறையில் ராமேஸ்வரம் தீவின் கொசுக்களைப் பார்த்தால் எல்லாமே 'பி'. மாட்டை நாடும், மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாத இனம். தீவில் மலேரியாவோ விடவில்லை. கடலுக்கு அக்கரையிலும் இதே முரண். இலங்கையில் 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக, அந்தக் குட்டைகளில் குலிசிஃபேசிஸ் பெருகி, மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தார்கள். அங்கும் பின்னாளில் சோதித்தபோது கிடைத்தது 'பி' மட்டுமே.

1999இல் சரளா சுப்பாராவ் உள்ளிட்ட மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் ராமேஸ்வரத்துக் கொசுக்களை வைத்தே இதற்கு விடை தந்தார்கள். அவர்கள் பார்த்தது ஆண்களில் மட்டும் உள்ள ஒய் குரோமோசோமை. குரோமோசோமுக்கு இடுப்பு போல ஒரு சுருக்கம் உண்டு. சில கொசுக்களின் ஒய்யில் அந்த இடுப்பு ஒரு முனையை ஒட்டி இருந்தது. வேறு சிலவற்றில் நடுவுக்குச் சற்றுத் தள்ளி. ஆனால் கடிப்பவள் பெண். அவளிடம் ஒய்யே கிடையாது! அதற்கு வழி, அவளை முட்டையிட வைத்து, புழுக்களை வளர்த்து, மகன்களின் ஒய்யைப் பார்ப்பது. மகனின் ஒய் தகப்பனுடையது. தாய் கூடுவதோ தன் இனத்து ஆணோடு மட்டும். ஆக, மகனைப் பார்த்தால் தாய் எந்த இனம் என்று தெரிந்துவிடும். மனிதரை நாடி, கிருமியையும் சுமந்த தாய்கள் தனியே பிரிந்து நின்றார்கள்: அவர்களின் மகன்களுக்கு இடுப்பு நடுப்பக்கம் இருந்தது. ஐந்தாவது இனமான 'ஈ' இப்படித்தான் பிடிபட்டது. எனக்குத் தெரிந்த துப்பறியும் கதைகளில் இவ்வளவு அழகான தடயம் இல்லை. அடுத்து இலங்கையிலும் 'ஈ' அகப்பட்டது. அங்கத்தியப் புதிரும் அவிழ்ந்தது.

2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில், அதுவரை அந்த நாட்டில் காணாத அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி சிக்கியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்தியாவில் ஸ்டெஃபென்சி பழகிய நகரத்துக் கொசு. வீட்டுக் கிணறும் மாடித் தண்ணீர்த் தொட்டியுமே இதற்குப் போதும். இதன் முட்டையின் இரு பக்கமும் காற்று நிறைந்த மிதவைகள் உண்டு. அந்த மிதவையில் உள்ள வரிகளை எண்ணி இந்த இனத்துக்குள்ளேயே மூன்று வகை பிரிக்கிறார்கள். அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். புழுவைப் பார்க்க டார்ச் போதும். கியூலெக்ஸ், ஏடிஸ் புழுக்களுக்கு வால்நுனியில் மூச்சுக்குழல் உண்டு. அதை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழல் இல்லாததால் நீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்தபடியே மூச்சுவிடும். உங்கள் தொட்டியில் அப்படிப் படுத்துக் கிடப்பது தெரிந்தால், அன்றே தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி, இடைவெளி இல்லாமல் மூடிவிடுங்கள். சுகாதார ஊழியரிடமும் சொல்லிவிடுங்கள்.