வாய் சொல்கிறது, கை எழுதவில்லை

மும்பை தாராவியில் ஒரு தமிழ்க் குடும்பம். தகப்பனார் பட்டறைத் தொழிலாளி. மகன் நான்காம் வகுப்பு மாணவன். பாட்டியோடு கோயிலுக்குப் போய் வந்த கதையைக் கேட்டால், ரயில் நெரிசல், பூக்காரியின் பேரம், பிரசாத வரிசை என்று ஒன்று விடாமல் சொல்வான். அதையே நோட்டில் எழுதச் சொன்னால் அரை மணி நேரத்தில் மூன்று வரிதான் வரும். அதிலும் 'கோயில்' என்பது 'கேயில்' ஆகிவிடும். 'பள்ளி' என்பது 'பல்லி' ஆகிவிடும்.

"மக்குப் பிள்ளை" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். "நாலு பாஷையைப் போட்டுக் குழப்பினால் பையன் என்ன செய்வான்? திருநெல்வேலிக்கு அனுப்பித் தாத்தா வீட்டில் படிக்க வை" என்கிறார் பெரியப்பா. "எழுத்தே வராதவனுக்குப் படிப்பு எதற்கு? என்னோடு பட்டறைக்கு வரட்டும்" என்பது தகப்பனாரின் எண்ணம்.

மூவர் சொல்வதும் சரியல்ல.

சோம்பல் அல்ல

1896-ம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில டாக்டர், மருத்துவப் பத்திரிகை ஒன்றில் 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். விளையாட்டிலும் பேச்சிலும் மற்றப் பிள்ளைகளுக்குச் சளைக்காதவன். ஆனால் எழுதப் படிக்க மட்டும் வரவில்லை. 1963-ல் அமெரிக்க அறிஞர் சாமுவேல் கிர்க் இத்தகைய தொல்லைகளுக்குக் 'கற்றல் குறைபாடு' என்ற பெயரைப் பரவச் செய்தார்.

இந்தக் குழந்தைகளுக்குக் கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், அறிவும் உண்டு. ஒலியையும் எழுத்தையும் இணைத்து நினைவில் நிறுத்தும் இடத்தில்தான் மூளைக்குச் சிரமம். படிப்பதில் வரும் குறையை டிஸ்லெக்சியா என்றும், எழுதுவதில் வருவதை டிஸ்கிராபியா என்றும் சொல்கிறார்கள். பல வீடுகளில் இது பரம்பரையாகவும் வருகிறது.

எழுதுவது ஒரே வேலை அல்ல. விஷயத்தை யோசிக்க வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், எழுத்தை நினைவுபடுத்த வேண்டும், அதன் வடிவம் கெடாமல், கோடு தப்பாமல் போட வேண்டும். எழுத்துக்கூட்டுவதிலேயே முழுச் சக்தியும் போய்விட்டால், சொல்ல வந்த விஷயம் நடுவழியில் நின்றுவிடுகிறது. தெரிந்த சொற்களை மட்டும் வைத்து மூன்று வரியோடு பையன் முடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

தமிழ் எழுத்திலும் அதற்கே உரிய சங்கடங்கள் உண்டு. 'கோ' என்பது காதுக்கு ஒரே ஒலி. எழுதும்போதோ முன்னால் கொம்பு, நடுவில் 'க', பின்னால் கால். அந்தக் காலை மறந்தால் 'கே' ஆகிவிடும். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றைப் பேச்சில் பெரியவர்களே பிரித்துச் சொல்வதில்லை. குழந்தை எதைக் கேட்டுப் பிரிக்கும்?

பாஷைதான் காரணமா?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மராத்தியில் மட்டும் தடுமாறி, தமிழில் நன்றாக எழுதினால், மராத்தி பழக்கம் போதவில்லை என்று பொருள். கற்றுக்கொடுத்த எல்லா மொழியிலும், வருஷக்கணக்கில், ஒரே மாதிரி தடுமாறினால் விஷயம் வேறு. மொழிக்கு மொழி அளவு கூடலாம், குறையலாம். ஆனால் குறை கூடவே வரும். ஊருக்கு அனுப்பினால் அதுவும் அதே ரயிலில் ஏறிப் போகும்.

வீட்டில் செய்யக்கூடியது

ஆபீசில் குமாஸ்தாகூட முதலில் டிராப்ட் எழுதி, பிறகுதான் நல்ல பிரதி எடுக்கிறார். குழந்தைக்கும் அதே சலுகையைக் கொடுக்கலாம். முதலில் அவன் வாயால் சொல்லட்டும். அம்மாவோ அக்காவோ எழுதிக் காட்டட்டும். பிறகு அவன் பார்த்து எழுதட்டும். சில வாரம் கழித்து, தானாக எழுதச் சொல்லலாம். அப்போது பிழையை எண்ணாமல், விஷயம் வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நோட்டு முழுதும் சிவப்பு மையால் அடிக்காமல், ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தினால் போதும்.

மறக்கும் எழுத்தைத் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லச் செய்யலாம். தினம் கால் மணி நேரம் போதும். அடி மட்டும் கூடாது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும், மனம் புண்படப் பேசுவதையும் தடை செய்திருக்கிறது. வீட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

சட்டம் தரும் உரிமை

2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. முறையான சான்றிதழ் இருந்தால், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதைக் கேட்டு எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு 1996 முதலே இத்தகைய சலுகைகள் உண்டு.

சுமார் எட்டு வயதில், மூன்றாம் வகுப்பில்தான் குறையை உறுதியாகச் சொல்ல முடியும். தாராவிக்கு அருகிலேயே உள்ள சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது. கண், காது, அறிவுத்திறன், எழுத்து, படிப்பு எல்லாவற்றையும் சோதிப்பார்கள். ஒரே நாளில் முடியாது. பல தடவை போக வேண்டியிருக்கும்.

தினக்கூலிக்காரருக்கு அது நஷ்டந்தான். ஆனால் பையனைப் பட்டறையில் சேர்த்துவிட்டால், அவன் வாழ்நாள் முழுவதும் அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டும். கோயில் கதையை அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு, அதைக் காகிதத்தில் இறக்கிவைக்க வழி காட்டுவதே பெரியவர்களின் கடமை.