எங்கே போகலாம், நீயே சொல்!

கல்யாணம் ஆன புதிதில் என் மனைவியை ஊட்டிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அப்போது மே மாதம். ஊட்டிதான் என்று முடிவு செய்தவர்கள் மூன்று பேர். ஆபீஸ் நண்பர் ஒருவர், என் சித்தப்பா, மூன்றாவது நான். கழுத்தில் புதுத் தாலியோடு நின்றவளை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலர்க் காட்சிக்குப் போனோம். மலர்களைக் காட்டிலும் மனிதர்களின் முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தோம். ஊர் திரும்பியதும், "எப்படி இருந்தது?" என்று பெருமையாகக் கேட்டேன். "நல்லா இருந்துச்சுங்க" என்றாள். அந்தப் பதிலை நானும் ஒன்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்!

சென்ற மாதம் எங்கள் ஆசிரியர் கூப்பிட்டார். "நீர் சேலத்துக்காரர்தானே? தம்பதிகள் இரண்டு நாள் நிம்மதியாகப் போய் வர உங்கள் பக்கத்தில் என்ன இடம் இருக்கிறது? ஒரு கட்டுரை எழுதும்" என்றார். வீட்டுக்கு வந்தேன். மனைவி அடுக்களையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏற்காடு, மேட்டூர், கொல்லிமலை, இந்த மூன்றில் எங்கே போகலாம், நீயே சொல்" என்று கேட்டேன்.

கத்தி நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கேட்டது கேள்விதானா, அல்லது வழக்கம்போல் அறிவிப்பா என்று அவளுக்குச் சந்தேகம் போலிருக்கிறது!

அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் மூன்று இடங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வாருங்கள்.

ஏற்காடு: ஏறியதும் குளிர்ச்சி

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஏற்காடு போகும் சாலையில், மலை அடிவாரத்தை நெருங்கும்போதே, பழைய நினைவு ஒன்று உங்களை வரவேற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் முகப்பு வளைவுதான் அது. தமிழில் முதல் வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956-ல் வெளிவந்தது இந்த நிறுவனத்திலிருந்துதான். ஸ்டுடியோ இன்று இல்லை. வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்குள் காற்றின் குணமே மாறிவிடும்.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். ஊரின் உயரம் ஏறக்குறைய 5,000 அடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அன்று வைத்த பயிர்தான் இன்றைக்கும் இந்த மலைக்குச் சோறு போடுகிறது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒரு தடவை நன்றாகப் பெய்துவிட்டால், சில நாட்களில் தோட்டங்கள் முழுவதும் வெள்ளை வெளேரென்று காப்பி பூத்துவிடும். மல்லிகையைப் போன்ற மணம்! தலையில் பூ வைக்காமலே பூ வைத்துக்கொண்டது போலிருக்கும்.

ஏரியில் படகு விடலாம். பகோடா பாயிண்டில் நின்று பள்ளத்தைப் பார்க்கலாம். ஆனால் மாலையில் மட்டும் தவறாமல் லேடீஸ் சீட்டுக்குப் போய்விடுங்கள். இருட்டத் தொடங்கியதும் கீழே சேலம் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக மினுக்கத் தொடங்கும். பகலெல்லாம் நம்மைப் புழுதியிலும் புகையிலும் அலைக்கழிக்கும் அதே சேலமா இது என்று ஆச்சரியமாக இருக்கும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் சொந்த ஊரும் அழகுதான். சில வீடுகளில் கணவன்மாருக்கும் இது பொருந்தும்!

5,300 அடிக்கும் மேலே, மலை உச்சியில் குகைக் கோயில் ஒன்று இருக்கிறது. சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். மே மாதத்தில் கோடை விழாவுக்குக் கூட்டம் அலைமோதும். இருவருக்குத் தனிமை வேண்டுமானால் கோடையையும் சனி, ஞாயிறையும் தள்ளிவிட்டு, மழை ஓய்ந்த பிறகு போவதே உத்தமம். வளைவு என்றாலே தலை சுற்றுகிறவர்களுக்கும், வயதான பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டு அதிக நேரம் இருக்க முடியாதவர்களுக்கும் ஏற்காடு ஏற்ற இடம். எதிர்பாராமல் வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலில் கீழே இறங்கிவிடலாம் அல்லவா?

மேட்டூர்: அந்தக் காலத்துத் தேன்நிலவு

மலையே வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு மேட்டூர். சேலத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். செலவும் குறைவு. 1925-ல் தொடங்கிய அணை வேலை 1934-ல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் பெயரால் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர். முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பித் ததும்பும் வருஷத்தில் கரையில் நின்று பார்த்தால் கடல் வழி தவறி உள்நாட்டுக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். நீர் வெகுவாக இறங்கிவிட்டாலோ வேறொரு காட்சி! அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊர்களின் ஞாபகமாகப் பண்ணவாடிப் பக்கம் ஒரு நந்தியும், ஒரு பழைய மாதா கோயிலின் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலை காட்டும்.

ஆடி மாதத்தில் புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது நம் வழக்கம். பதினெட்டாம் பெருக்கன்று மேட்டூர்க் காவேரியில் பெண்கள் நீராடி, பழைய மஞ்சள் சரட்டை மாற்றிப் புதிது கட்டிக்கொள்வார்கள். அன்று கூட்டத்தில் பிரிந்திருந்த ஜோடிகளின் கண்கள் ஒன்றையொன்று தேடும் காட்சியை எந்த ஊட்டியிலும் காண முடியாது.

மேட்டூர்ப் பேச்சை எடுத்ததும் என் தாயார் சிரித்துவிட்டார்கள்.

"எங்களுக்குக் கல்யாணமான வருஷம் உங்க அப்பா என்னை டாம் பார்க்கக் கூட்டிட்டுப் போனாருடா."

"பரவாயில்லையே அம்மா! நீங்க ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரா? உங்க பாட்டி, பெரியத்தை, சின்னத்தை, அவங்க பிள்ளைங்க எல்லாருமாச் சேர்த்துப் பதினோரு பேர். அன்னிக்குப் பூரா அவர் என்கிட்ட பேசினது ஒரே பேச்சு. 'தண்ணி வேணுமா?' நான் சொன்னது, 'வேண்டாம்.'"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் சொல்லி முடித்ததும் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் மட்டும் போய்ட்டு வாங்க" என்றார்கள். மாமியார்மார்களே, மருமகளுக்கு நகை வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய வெகுமதி இது!

கொல்லிமலை: எழுபது வளைவுகளுக்கு அப்பால்

இப்போது கத்திரிக்காய்க்குத் திரும்பி வருவோம்.

"ஏனுங்க, கொல்லிமலைக்குப் போலாமுங்களா?" இதுதான் அவள் சொன்ன பதில்.

என் மனைவி பிறந்த ஊர் மலையடிவாரத்துச் சேந்தமங்கலம். வீட்டுப் புழக்கடையில் நின்றால் கொல்லிமலை கண்ணை நிறைக்கும். மலை மேல் கருமேகம் படிந்தால் என் மாமியார் வெயிலில் காயும் வடகத்தை உள்ளே எடுத்து வைப்பார்களாம். அந்த வீட்டுக்கு மலைதான் பஞ்சாங்கம். இருபத்திரண்டு வருஷம் தினமும் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள், ஒரு நாளும் அதன் மேல் ஏறியதில்லை. சிறுமியாக இருந்தபோது கேட்டாளாம். "பொம்பளைப் பிள்ளைக்கு மலைக்கு என்ன வேலை? கல்யாணம் ஆனப்புறம் வீட்டுக்காரரோட போய்க்கலாம்" என்றாராம் தகப்பனார்.

வீட்டுக்காரன் வந்தான். வந்தவன் ஊட்டிக்கல்லவா கூட்டிப் போனான்!

"இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்க கேக்கலீங்களே" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. இல்லை, அதுதான் என்னைச் சுட்டது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால் காரவள்ளியில் ஏற்றம் ஆரம்பம். 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. முப்பதாவது வரை நான் எண்ணினேன். அதற்கு மேல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். அவளோ எழுபதையும் எண்ணி முடித்தாள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். சொந்தக் காரில் போகிறவர்கள் இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள். மேலே வரும் வண்டிக்கு வழிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். இந்த மலையின் தலைவன். ஆடி மாதத்தில் அவனுக்கு விழாவும் எடுக்கிறார்கள். சோளக்காட்டுச் சந்தையில் பலா, அன்னாசி, வாழை, மிளகு என்று மலையே கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருக்கும். சங்கப் பாடல்கள் பேசும் கொல்லிப்பாவையும் இந்த மலைக்கு உரியவள்தான். சிரித்து மயக்கி ஆளைக் கொன்றுவிடுவாள் என்று கதை. கொல்லிப்பாவை சிரித்தால் ஆபத்து. வீட்டுப் பாவை சிரிக்காவிட்டால் அதைவிட ஆபத்து என்பது என் அனுபவம்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஐயாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். கோடையில் நீர் மெலிந்துவிடும். பெருமழை பெய்தால் பத்திரம் கருதி வழியை அடைத்துவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு போவது நல்லது. இறங்குவது சுலபம். திரும்பி ஏறும்போதுதான் என் உத்தியோகத்து உடம்பின் லட்சணம் தெரிந்தது. ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடங்களில் எல்லாம் பேசினோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பால் கணக்கு, இவை எல்லாம் முதல் இருநூறு படிகளோடு தீர்ந்துபோயின. அதற்கு மேல் பேசியதெல்லாம் ஒன்பது வருஷத்துப் பாக்கி.

மறுநாள் காலை மலை விளிம்பில் ஒரு பாறையருகே நின்றோம். கீழே சமவெளி, தென்னந்தோப்புகள், நூல் போலச் சாலைகள், பொட்டுப் பொட்டாக வீடுகள். அவள் வெகுநேரம் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பிறகுதான் புரிந்தது. இருபத்திரண்டு வருஷம் வீட்டிலிருந்து மலையைப் பார்த்தவள், இன்று மலையிலிருந்து வீட்டைத் தேடுகிறாள்!

"தெரிகிறதா?" என்றேன்.

"எதுன்னு தெரியலீங்க. ஆனா அங்கதான் எங்கியோ இருக்குதுங்க" என்று கை காட்டினாள். "அப்பா இருந்திருந்தா, வீட்டுக்காரரோட போய்ட்டு வந்துட்டேன்னு சொல்லியிருப்பேன்."

நான் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனவன், மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டேன்.

கடைசியாக ஒரு வார்த்தை

ஒரே நாள்தான் லீவா? மேட்டூர். இரண்டு நாள், சௌகரியம் வேண்டும், குளிர் வேண்டும் என்றால் ஏற்காடு. கால்களில் பலமும் பேச மிச்சமும் இருந்தால் கொல்லிமலை. ஊட்டியும் கொடைக்கானலும் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. அங்கே கூட்டத்தைச் சமாளிக்க 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறையே கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆனால் இந்தப் பட்டியலெல்லாம் அப்புறம். கணவன்மார்களே, இன்று இரவு சாப்பாடு ஆனதும் மனைவியிடம், "எங்கே போகலாம், நீயே சொல்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். வாசகிகளே, அவர்கள் கேட்காவிட்டால் ஒன்பது வருஷம் காத்திருக்காதீர்கள். இந்தப் பக்கத்தை மடித்து, அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அடுத்த பிரயாணத்துக்கு ஏற்பாடு நடக்கிறது. மேட்டூருக்குத்தான். என் தாயாரையும் தகப்பனாரையும் பஸ் ஏற்றி அனுப்பப் போகிறோம். பதினோரு பேர் இல்லை, இரண்டே பேர்!