எதையும் எரித்த லாரி

அமெரிக்க ராணுவத்தில் எம்35 என்றொரு லாரி இருந்தது. இரண்டரை டன் சுமக்கும் என்பதால் சிப்பாய்கள் அதை ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்றே அழைத்தார்கள். மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் இருந்த ரியோ கம்பெனி வடிவமைத்தது. 1950களின் தொடக்கத்தில் ராணுவத்துக்கு வந்தது. முதலில் பெட்ரோலில் ஓடிய வண்டிதான். 1960களில் அதற்குக் கான்டினென்டல் கம்பெனியின் மல்டிஃப்யூவல் இன்ஜினைப் பொருத்தினார்கள். ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர். போர்முனையில் எந்த எரிபொருள் கைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், வேறு வழியில்லாவிட்டால் பெட்ரோல் என்று எதை ஊற்றினாலும் வண்டி நகர வேண்டும். அதற்காகவே பிறந்த இன்ஜின் அது.

ஜெர்மனியின் மான் கம்பெனி கண்டுபிடித்த எரிப்பு முறை அதற்கு அடிப்படை. பிஸ்டனின் தலையில் உருண்டையாக ஒரு குழி. நாசில் பீய்ச்சும் எரிபொருளில் பெரும்பகுதி அந்தக் குழியின் சூடான சுவரில் படலமாகப் படிந்து, ஆவியாகி, நிதானமாக எரியும். எரிபொருளின் குணம் கொஞ்சம் மாறினாலும் இன்ஜின் முரண்டு பிடிக்காது. பம்ப்போடு இணைந்த இன்னொரு சின்ன சாதனம், உள்ளே வருவது கெட்டியான எண்ணெயா நீர்த்ததா என்பதற்கு ஏற்ப அளவைத் தானே கூட்டிக் குறைத்தது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது; இரும்பும் ஸ்பிரிங்கும் மட்டுமே.

இந்த லாரிகளை ராணுவம் கழித்துவிட்டபோது ஏலத்தில் எடுத்தவர்கள் விவசாயிகள், விறகு வியாபாரிகள், பழைய வண்டிப் பைத்தியங்கள். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது என்ற வண்டிக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகுமா? 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் டீசலின் சராசரி விலை காலனுக்கு, அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டருக்கு, 4.76 டாலர். அதே நேரத்தில் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத்திலும் இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயில் டிரம் டிரம்மாக நின்றது. ஒரு லிட்டர் பழைய ஆயிலில் உள்ள வெப்பம் ஒரு லிட்டர் டீசலைவிடச் சற்று அதிகம்தான். அதை வடிகட்டிச் செய்த எரிபொருளுக்கு ஒரு பெயரும் அமைந்தது: பிளாக் டீசல்.

இறக்கிய ஆயிலை அப்படியே டேங்கில் ஊற்ற முடியாது. வண்டியின் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். முதலில் டிரம்மில் வாரக்கணக்கில் அசையாமல் தெளியவிடுவார்கள். தண்ணீரும் சேறும் அடியில் தங்கும். மேலே நிற்பதை மட்டும் எடுப்பார்கள். பிறகு சல்லடை, அதன்பின் துணிப்பை ஃபில்டர்கள், பத்து மைக்ரான், ஐந்து, ஒன்று என்று படிப்படியாக. குளிர்காலத்தில் ஆயில் தேன்பாகாக இறுகிவிடும் என்பதால் சூடாக்கி இளக்க வேண்டும். தண்ணீர் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, சூடேறிய தட்டில் ஒரு சொட்டு விடுவார்கள். சடசடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கைதேர்ந்தவர்கள் சென்ட்ரிஃப்யூஜ் வைத்துக்கொண்டார்கள். வேகமாகச் சுழலும் கிண்ணத்தின் சுவரில் கருப்புக் களிம்பாக அப்பிக்கொள்ளும் அழுக்கைப் பார்த்தவர்கள், அதற்குப் பிறகு துணிப்பையை நம்பியிருக்க மாட்டார்கள். கடைசியில் டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து நீர்க்கச் செய்வார்கள்.

சிலர் பெட்ரோல் கலந்தார்கள். அது ஆபத்து. டீசலின் ஆவி தீப்பற்ற 52 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் பற்றும். கொஞ்சம் பெட்ரோல் சேர்ந்தாலும் அந்த டிரம் டீசல் டிரம் அல்ல, பெட்ரோல் டிரம். ஹீட்டர் வைத்த ஷெட்டில் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவது.

இதற்கு உகந்தது ராணுவ லாரி மட்டும் அல்ல. 1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் பாஷ் கம்பெனியின் இன்லைன் பம்ப் இருந்தது. நம்மூர் பழைய லாரி மெக்கானிக்குகள் ‘மைக்கோ பம்ப்’ என்று சொல்வார்களே, அதே வம்சம். முழுக்க மெக்கானிக்கல். அந்தத் தலைமுறை இன்ஜின்கள் அழுக்கைப் பொறுத்துக்கொண்டன. பெரிய கம்பெனிகளும் இதை ஒதுக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் கம்மின்ஸே ‘சென்டினல்’ என்ற ஏற்பாட்டை விற்றது. வண்டி ஓடும்போதே இன்ஜின் ஆயிலைச் சிறிது சிறிதாக எடுத்து டீசலில் கலந்து எரித்துவிட்டு, அந்த அளவுக்குப் புது ஆயிலை ஊற்றிக்கொள்ளும்.

சட்டமும் இடம் கொடுத்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. வேஸ்ட் ஆயிலை மண்ரோட்டில் தெளித்துப் புழுதி அடக்குவது அங்கே ஒரு காலத்தில் சாதாரண வழக்கம். 1970களில் மிசௌரி மாநிலத்தின் டைம்ஸ் பீச் என்ற ஊரில் அப்படித் தெளித்த ஆயிலில் டையாக்சின் என்ற நச்சு கலந்த ரசாயனக் கழிவு இருந்தது. 1983இல் அரசே ஊரை விலைக்கு வாங்கி, சுமார் இரண்டாயிரம் பேரை வெளியேற்றியது. இன்று அப்படியோர் ஊர் கிடையாது. பழைய ஆயில் என்பது வெறும் ஆயில் அல்ல, அதில் யார் எதைக் கலந்தார்கள் என்பதே கேள்வி என்று அமெரிக்கா கற்றது அப்போதுதான். 1992இல் வந்த சட்டம் எரிக்கும் ஆயிலுக்கு வரம்பு வைத்தது: ஈயம் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), குரோமியம் 10, ஆர்செனிக் 5, காட்மியம் 2. குளோரின் வகைப் பொருட்கள் 1,000 பிபிஎம்மைத் தாண்டினால் அபாயகரமான கழிவு கலந்துவிட்டது என்றே கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிப்பது வைத்திருப்பவர் பொறுப்பு. ஆனால் தன் இடத்தில் சேர்ந்த ஆயிலைத் தன் இடத்திலேயே டீசலோடு கலந்து தன் வண்டியில் ஓட்டுபவருக்கு, கலந்த பின் அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கும் வைத்தார்கள்.

எத்தனை முறை வடிகட்டினாலும் பிளாக் டீசல் கருப்பாகவே இருக்கும். புகைக்கரித் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அவை ஒன்றுசேர்ந்து படிந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆயிலில் மருந்து சேர்த்திருக்கிறார்கள். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும், அழுக்கைக் கழுவும் கால்சியமும் ஆயிலில் கரைந்தே இருப்பவை. துணிப்பை அவற்றைப் பிடிக்காது, சென்ட்ரிஃப்யூஜும் பிரிக்காது. எரிந்தபின் ஒரு பங்கு சாம்பலாக வால்விலும் டர்போவிலும் அப்பிக்கொள்ளும். மற்றதெல்லாம் சைலன்சர் வழியே தெருவுக்குப் போகும். டேங்கில் மிச்சம் பிடித்த காசைக் கணக்கெழுதியவர்கள் தெருவுக்குப் போனதை எழுதவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையோடு துத்தநாகச் சாம்பலும் சேர்ந்தால் அதை மூச்சில் இழுப்பது வண்டிக்காரர் மட்டுமல்ல.

இன்றைய இன்ஜினில் இந்த வேலை நடக்காது. 2003இல் அதே டாட்ஜ் பிக்கப்புக்குக் காமன் ரெயில் என்ற உயர் அழுத்த எரிபொருள் முறை வந்தது. இப்போது இன்ஜெக்டருக்குள் அழுத்தம் 2,000 பாரைத் தாண்டுகிறது. உள்ளே நகரும் பாகங்களுக்கு இடையே இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. பழைய பம்ப் விழுங்கிய அழுக்கு இங்கே ஒரு செட் இன்ஜெக்டரையே பலி வாங்கும். அடுத்து கந்தகம். 1993 அக்டோபரில் டீசலில் 500 பிபிஎம் என்று வரம்பு வந்தது. 2006இல் அது 15 ஆனது. பழைய இன்ஜின் ஆயிலில் கந்தகம் ஆயிரக்கணக்கான பிபிஎம். 2007 மாடலிலிருந்து புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் சைலன்சரோடு வந்துவிட்டது. கரி சேர்ந்தால் அதைச் சூடாக்கி எரித்துவிடலாம்; ஆயிலில் இருந்து வரும் உலோகச் சாம்பல் எரியாது, அடைத்துக்கொண்டே போகும். அதனாலேயே புது ஆயில்களின் சாம்பல் அளவைக்கூட எண்ணெய்க் கம்பெனிகள் குறைக்க வேண்டியிருந்தது. 2007 மாடலுக்கும் அதற்குப் பிந்தியதற்கும் பழைய ஆயிலை எரிபொருளாக ஊற்றக் கூடாது என்று விதியும் வந்தது. அதற்கென்றே பரிசோதித்துச் சான்று பெற்ற இன்ஜினுக்கு மட்டும் விலக்கு.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது நம் லாரி ஷெட்டுகளுக்கும் இதே மாற்றம் வந்து சேர்ந்தது. கந்தகம் 10 பிபிஎம், காமன் ரெயில், புகைக்கரி ஃபில்டர், யூரியா டேங்க். நாசிலைக் கழற்றி ஊதிச் சரிசெய்த கைகள் ஸ்கேனரைப் பிடிக்கப் பழகின. சென்ட்ரிங் பலகைக்குப் பூச வேஸ்ட் ஆயில் வாங்கிப்போகும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

இந்த மாற்றத்தில் எனக்கு இரண்டு மனசு உண்டு என்று சொல்லி நழுவ மாட்டேன். தன் வண்டியைத் தானே புரிந்துகொண்டு, தானே பழுதுபார்த்து, கழிவென்று மற்றவர்கள் ஒதுக்கியதில் ஓட்டிய மனிதனின் அறிவு பெரிய அறிவு. அது இன்று கம்பெனி சர்வீஸ் சென்டரின் கதவுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டை உடைக்கும் உரிமை வண்டிக்காரருக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆயிலை எரிப்பது அந்த உரிமையில் சேராது. இன்ஜின் ஆயில் உழைத்து அழுக்காகிறது, மருந்துகள் தீர்கின்றன. அடிப்படை எண்ணெய் கெட்டுப்போவதில்லை. அதை எரித்துவிட்டால் மிஞ்சுவது புகை.

அந்த அடிப்படை எண்ணெயைத் திரும்பப் பிரித்தெடுக்கும் ஆலைகள் முன்பும் இருந்தன. அமிலமும் களிமண்ணும் கொண்டு சுத்தம் செய்து, மிச்சமாகும் அமிலச் சேற்றை எங்கே கொட்டுவது என்று தவித்த தொழில் அது. இப்போது வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜன் செலுத்திச் சுத்தம் செய்கிறார்கள். இண்டியானாவின் ஈஸ்ட் சிகாகோவில் 1991 முதல் ஓடும் சேஃப்டி-கிளீன் ஆலை இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு காலன் பழைய ஆயிலிலிருந்து ஏறக்குறைய 2.4 லிட்டர் புது இன்ஜின் ஆயில் எடுக்கலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதே 2.4 லிட்டரைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க 42 காலன், அதாவது முழுதாக ஒரு பீப்பாய் வேண்டும். இந்தியாவிலும் 2024 ஏப்ரல் முதல், விற்ற ஆயிலில் ஒரு பங்கைத் திரும்ப மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உற்பத்தியாளர்கள், இறக்குமதியாளர்கள் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஷெட்டில் நிற்கும் அந்த டிரம்மை எடுத்துப்போக யார் வருகிறார், அவரிடம் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷெட்காரரும் இனி கேட்டே ஆக வேண்டும்.