தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம்

வட ஐரோப்பாவில், குறிப்பாக டென்மார்க்கில், கிராமந்தோறும் காணப்படும் பழைய கல் ஆலயங்களில் பெரும்பாலானவை 12, 13ஆம் நூற்றாண்டுகளில் கத்தோலிக்கர் கட்டியவை. 1536இல் டென்மார்க் அரசு, ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் போதனையை ஏற்றபோது, ஆலயங்கள் இடிக்கப்படவில்லை. அவற்றுள் இருந்த பொருள்களே மெல்ல மெல்ல மாறின. பக்கப் பீடங்களும் புனிதர் சிலைகளும் முக்கியத்துவம் இழக்க, போதகர் நின்று வேதத்தை விளக்கும் பிரசங்க பீடம் உயரமாகவும் வேலைப்பாட்டோடும் எழுந்தது. திருவிருந்து பரிமாறப்படும் பலிபீடமும், திருமுழுக்குக் கொடுக்கும் ஞானஸ்நானத் தொட்டியும் தத்தம் இடத்தில் நிலைத்தன; பல ஊர்களில் ஆலயத்துள் மிகப் பழைய பொருள் அந்தக் கருங்கல் தொட்டியாகவே இருக்கிறது.

இம்மூன்றும் உள்ள லுத்தரன் வழிபாட்டிடத்தைத் தமிழர்க்கென முதன்முதலில் அமைத்த ஊர் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் ஒப்பந்தம் செய்துகொண்டு கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய டேனியர், தம் மக்களுக்காக 1701இல் சீயோன் ஆலயத்தை எழுப்பினர். உள்ளூர் மக்களுக்கு அதில் இடமில்லாத நிலையில், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானியப் போதகர்கள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூச்சோவும் 1706 ஜூலை 9இல் வந்திறங்கினர். அடுத்த ஆண்டே அவர்கள் சிறிய ஆலயம் ஒன்றைக் கட்டிப் புதிய எருசலேம் எனப் பெயரிட்டனர். கோட்டைத் தளபதியின் பகை 1708–09இல் சீகன்பால்கை நான்கு மாதம் சிறையில் வைத்தது என்பதை நினைத்தால், மன்னரின் ஆதரவு மட்டுமே இப்பணிக்குப் போதுமானதாக இருக்கவில்லை என்பது விளங்கும்.

கடலோரத்தில் இருந்த அந்த முதல் ஆலயம் நிலைக்கவில்லை. 1717 பிப்ரவரியில் ராஜ வீதியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1718 அக்டோபர் 11இல் அர்ப்பணிக்கப்பட்ட இரண்டாவது கட்டடமே இன்று நிற்பது. முகப்பின் மேற்பகுதியில் முடியும், அதன் கீழே நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்தும், 1718 என்ற ஆண்டும் சுதையில் பொறிக்கப்பட்டுள்ளன. நீண்ட மண்டபமாக இல்லாமல் சிலுவை வடிவில் அமைந்திருப்பதே இதன் தனித்தன்மை. நான்கு கரங்களிலும் அமர்ந்திருப்போர்க்குப் போதகரின் குரல் சென்று சேரும். வழிபாடு தமிழிலும் போர்த்துகீசிய மொழியிலும் நடந்தது. கைக்கு நூலும் கிடைத்தது: 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வர, 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேயே அச்சேறியது. ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நான்காவது மாதம், 1719 பிப்ரவரி 23இல், தம் முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்கு இறந்தார். அவர் உடல் பலிபீடத்தருகே அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டு இறந்த அவருடைய தோழர் கிரண்ட்லரும் இதே ஆலயத்துள் உறங்குகிறார்.

ஆனால் இந்த ஆலயத்தின் உள்ளமைப்பைப் பேசும்போது அமரும் இடத்தைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. ஐரோப்பிய உடை அணிந்தோர் பெஞ்சுகளிலும் முக்காலிகளிலும் அமர, தமிழ் உடை அணிந்தோர் பாயிலும் வெறுந்தரையிலும் அமர்ந்தனர். தமிழருக்குள்ளேயே சாதியார் சாதியாராக இடைவெளி விட்டுப் பிரிந்து அமர்ந்தனர். கடவுள் முன் அனைவரும் ஒன்றே என்ற போதனை ஒலித்த அதே கூரையின் கீழ் இது நடந்தது வேதனைக்குரியது. 1733இல் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் நியமனம் பெற்றதைப் பெருமையோடு கூறும் வரலாறு, சிறந்த உபதேசியாரான ராஜநாயக்கனுக்கு அவர் பிறந்த சாதியை முன்னிட்டு அந்தப் பட்டம் மறுக்கப்பட்டதையும் சேர்த்தே கூற வேண்டும். உபதேசியார் என்பவர் போதகருக்குத் துணையாக ஊர் ஊராகச் சென்று கற்பித்தவர். சபையின் அன்றாடச் சுமையைத் தாங்கியவர் அவரே.

1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற பின், பணியை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் ஏற்றது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக உருவானது. அதன் பேராயர் இன்றும் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்து ஆலயத்தையும் பாதித்தது. பின்னர் அது பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் வழிபாட்டில் உள்ளது.

மலாயாவின் தோட்டங்களுக்கும் இரயில்வேக்கும் வேலை தேடி வந்தவர்களுள் இந்தச் சபையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் அவர்களின் தமிழ் வழிபாட்டிற்கு இடம் தந்தது. பலிபீடம், பிரசங்க பீடம், ஞானஸ்நானத் தொட்டி என்ற மூன்றும் அந்த வழியில் கடல் கடந்து மலேசியத் தமிழரிடம் வந்து சேர்ந்தன.