ஈப்போவில் பிறந்த ஜான்சி ராணிப் படை வீராங்கனை

உங்கள் தாத்தாவோ பாட்டியோ நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களா? பேராக் தோட்டப்புறங்களில் வேர்விட்ட குடும்பமென்றால் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். தலைமை கேப்டன் லட்சுமிக்கு. சேர்ந்தவர்களில் பலர் பால் மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்திராதவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1927-இல் ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலனும் சகோதரியோடு அதில் சேர்ந்தார். அப்போது வயது 16. பர்மா வரை போய்த் திரும்பினார். பிறகு ஆசிரியையாகி, ஆண்களுக்கு இணையான சம்பளம் பெண் ஆசிரியர்களுக்கும் வேண்டுமென்று போராடினார். துப்பாக்கி பிடித்ததைவிட இது லேசான சண்டை என்று சொல்லிவிட முடியாது!

நேதாஜியின் படை ஜப்பானியரோடு நின்றது; எதிர்ப்பக்கத்திலும் நம்மவர் இருந்தார்கள். ஜப்பானியரை எதிர்த்து பிரிட்டிஷ் இந்தியப் படையினர் கம்பாரில் 1941 டிசம்பர் கடைசியில் தொடங்கி நான்கு நாள் போரிட்டார்கள். தைப்பிங் போர்க் கல்லறையில் பல இந்திய வீரர்கள் அடங்கியிருக்கிறார்கள். பெயர் தெரியாத கல்லறைகளும் அங்கே நிறைய.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் மாண்ட வீரர்களைப் பெயர் கொடுத்துத் தேடலாம். உயிரோடு திரும்பி மறுபடியும் பால் வாளி தூக்கியவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுக்கு வீட்டிலுள்ள பழைய படம்தான் ஆதாரம். படத்தின் பின்புறம் பெயரையும் தோட்டத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள், மை ஊறிவிடும்.